பேதி நின்ற பிறகும் ஜிங்க் மாத்திரையை 14 நாளும் கொடுக்க வேண்டுமா?

தென்காசி_அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு ஒன்றேகால் வயது. போன வாரம் திடீரென்று வயிற்றால் போக ஆரம்பித்தது, தண்ணீர் தண்ணீராக, கூடவே வாந்தியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினோம். ரத்தம் இல்லை, கண் குழி விழவில்லை, பயப்பட வேண்டாம் என்று சொல்லி ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் ஜிங்க் மாத்திரை அட்டை ஒன்றும் கொடுத்தார்கள். 20 மில்லிகிராம், 14 மாத்திரை, தினம் ஒன்று, அட்டை முழுவதும் முடிக்க வேண்டும் என்று நர்ஸ் அழுத்திச் சொல்லி அனுப்பினார்.

இப்போது பேதி நின்றுவிட்டது, நன்றாக விளையாடுகிறான், சாப்பிடுகிறான். அட்டையில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. வீட்டில் அத்தை, "நின்ன பேதிக்கு எதுக்கு மருந்து, பிள்ளை வயித்தை ஏன் புண்ணாக்குற" என்கிறார். அவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை, ஏனென்றால் மாத்திரை கொடுக்கும்போதுதான் பிரச்சினையே. ஸ்பூனில் கரைத்து வாயில் விட்டால் முதலில் சப்புக்கொட்டுகிறான், அடுத்த நொடியே முகத்தைச் சுளித்து நாக்காலேயே வெளியே தள்ளுகிறான். சில சமயம் உள்ளே போனதும் குமட்டி, குடித்த பாலோடு சேர்ந்து எல்லாம் வந்துவிடுகிறது. நேற்று அப்படி வந்ததைப் பார்த்துவிட்டு அத்தை அட்டையை எடுத்து பீரோ மேல் வைத்துவிட்டார்.

மிச்சம் இருக்கிறதைக் கொடுத்தே ஆக வேண்டுமா? பேதி நின்ற பிறகு அது என்ன வேலை செய்கிறது? அவனுக்கு ஏற்கெனவே கொடுக்கும் சத்து சொட்டு மருந்திலும் ஜிங்க் இருப்பதாகப் போட்டிருக்கிறது, அது போதாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

வாண்டுகள்_வீடு:

என் சின்னவளும் இதே கூத்துதான். மருந்தில் இனிப்பும் வாசனையும் சேர்த்திருப்பார்கள், அதனால் முதலில் சப்புவார்கள், அப்புறம் அடிநாக்கில் ஒரு இரும்பு வாடை மாதிரி கசப்பு வரும், அதுதான் பிடிக்காது. நீங்களே ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், தெரியும்.

எங்களுக்கு உதவியது இதுதான். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், கொஞ்சம் இட்லியோ சாதமோ சாப்பிட்ட பிறகு கொடுங்கள், ஆனால் வயிறு முட்டப் பால் குடித்த உடனேயும் வேண்டாம், அப்போது கொடுத்தால் நீங்கள் சொல்வது போல பாலோடு வந்துவிடும். மாத்திரையை நசுக்க வேண்டியதில்லை. டீஸ்பூனில் வைத்து, கொதித்து ஆறின தண்ணீர் கொஞ்சமே கொஞ்சம் விட்டால் ஓரத்திலிருந்து தானாகப் பொரிந்து கரையும், சிறிது நேரத்தில் மாவு மாதிரி ஆகிவிடும். தண்ணீரை அதிகமாக விட்டால் அளவு கூடி, பாதி வெளியே போய்விடும். கீழே ஸ்பூனில் வண்டல் நின்றால் இன்னும் ரெண்டு சொட்டு விட்டு அதையும் வழித்துக் கொடுத்துவிடுங்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை என்றால் தண்ணீருக்குப் பதில் பீய்ச்சின பாலிலேயே கரைக்கலாம். கன்னத்தின் உள்பக்கமாக விடுங்கள், நடுநாக்கில் விட்டால்தான் தள்ளுவார்கள்.

கொடுத்து அரை மணி நேரத்துக்குள் மொத்தமும் வாந்தி வந்தால் இன்னொரு முறை கொடுக்கச் சொன்னார்கள். அதற்கு மேல் ஆகிவிட்டால் மறுநாள்தான்.

—

ஓய்வுபெற்ற_கிராம_செவிலியர்:

தங்கச்சி, முதலில் அந்த அட்டையை பீரோ மேலிருந்து இறக்குங்கள்.

எத்தனையோ வருஷம் வீடு வீடாகப் போய் வேலை பார்த்தவள் நான். பேதி வந்த பிள்ளை இருக்கிற வீட்டில் ஜிங்க் அட்டை எங்கே என்று கேட்டால், சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும் டிவி ஸ்டாண்டிலிருந்தும் எடுத்துக் காட்டுவார்கள், மூன்றோ நாலோ மாத்திரைதான் பிரித்திருக்கும். "நின்னுருச்சு சிஸ்டர், அதான்" என்பார்கள். அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சியது. தாய்மார்களைக் குறை சொல்லவில்லை. இது பேதியை நிறுத்துகிற மாத்திரை என்று நினைத்துக்கொண்டால் நின்றதும் நிறுத்தத்தான் தோன்றும். அப்படி நினைக்கும்படி கொடுத்து அனுப்பினது எங்கள் பக்கத்துத் தப்பு. ஒரு அட்டையை நீட்டி "தினம் ஒண்ணு" என்று சொல்லி அடுத்த பெயரைக் கூப்பிட்டால் அந்தத் தாய்க்கு என்ன புரியும்?

விஷயம் இதுதான். தண்ணியாகப் போகிற ஒவ்வொரு தடவையும் பிள்ளையின் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் மட்டும் போவதில்லை, ஜிங்க்கும் சேர்ந்து போகிறது. பேதியில் குடலின் உள்சுவர் தேய்ந்து போயிருக்கும். அந்தச் சுவர் திரும்ப வளரவும், சாப்பிட்டதைச் செரித்து உறிஞ்சவும், கிருமியை எதிர்க்கவும் ஜிங்க் வேண்டும். வெளியே பேதி நின்றாலும் உள்ளே ரிப்பேர் வேலை முடிந்திருக்காது. 14 நாள் முழுசாகக் கொடுத்த பிள்ளைகளுக்கு அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பேதி வருவது குறைகிறது, அதற்காகத்தான் இத்தனை நாள். உங்கள் அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பேதிக்கான மருந்து முடிந்துவிட்டது, இப்போது கொடுப்பது குடல் தேறுவதற்கு. பெரியவர்களுக்கு இது நன்றாகப் புரியும், காய்ச்சல் விட்ட பிறகும் பத்தியம் வைத்தவர்கள்தானே அவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்தத் திரியைப் படிக்கிற மற்ற தாய்மார்களுக்காக. ஜிங்க் எவ்வளவு நல்லதானாலும் உயிரைக் காப்பது ஓ.ஆர்.எஸ்.தான். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் வயதுள்ள பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி, டம்ளரிலோ ஸ்பூனிலோ கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், சோற்றையும் நிறுத்தாதீர்கள், பேதி என்று பட்டினி போட்டால் பிள்ளை இன்னும் துவளும். பல் முளைக்குது, அதான் போகுது என்று விட்டுவிடாதீர்கள். தொக்கம் எடுக்கிறேன், உச்சி விழுந்ததைத் தூக்குகிறேன் என்று யாரிடமும் கொண்டுபோகாதீர்கள். உச்சிக்குழி உள்ளே போயிருக்கிறது என்றால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம், அதைத் தூக்கி நிறுத்த முடியாது, நீர்தான் ஏற்ற வேண்டும். கண் உள்ளே போவது, அழுதால் கண்ணீர் வராமல் இருப்பது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாக இறங்குவது, குடிக்க முடியாமல் சோர்ந்து கிடப்பது, மலத்தில் ரத்தம், மணிக்கணக்கில் ஒண்ணுக்குப் போகாமல் இருப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

—

டோர்ட்முண்ட்_தமிழன்:

ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம். மகளுக்குப் போன குளிர்காலத்தில் இதே மாதிரி வந்தபோது குழந்தை மருத்துவர் உப்புச் சர்க்கரைக் கரைசல் மட்டும்தான் கொடுத்தார், ஜிங்க் பற்றி வாயே திறக்கவில்லை. ஊரில் அக்கா பிள்ளைக்கு மட்டும் ஏன் 14 நாள் மாத்திரை? உண்மையிலேயே தேவையா, இல்லை வழக்கமாக எழுதித் தருவதா?

—

குழந்தைநல_மருத்துவர்:

நல்ல கேள்வி, தப்பாக எடுக்க ஒன்றுமில்லை. உங்கள் டாக்டரும் சரி, தென்காசி டாக்டரும் சரி. குழந்தையின் உடம்பில் முன்பே எவ்வளவு ஜிங்க் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

ஜிங்க் அதிகமாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் பக்கம். தானியத்திலும் பருப்பிலும் இருக்கிறது, ஆனால் அவற்றில் உள்ள பைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது. மனிதர்களுக்கு ஜிங்க் குறைபாடு வரும் என்பதே 1960களின் தொடக்கத்தில்தான் தெரிய வந்தது. பீகாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத் ஈரானின் ஷிராஸ் பகுதியில், புளிக்காத ரொட்டியை மட்டுமே பெரும்பாலும் தின்று, வயது வந்தும் சிறுவர்கள் போலவே வளர்ச்சி நின்றிருந்த இளைஞர்களைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார். நம் ஊரில் சோறும் குழம்பும் முக்கியச் சாப்பாடாக இருக்கிற வீட்டில், அடிக்கடி பேதி வேறு வருகிற குழந்தைக்கு, கையிருப்பு குறைவாகத்தான் இருக்கும். ஐரோப்பாவில் அந்தக் குறைபாடு அரிது, அதனால் அங்குள்ள வழிகாட்டுதல் நன்றாக வளர்ந்த குழந்தைக்கு ஜிங்க்கால் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது என்கிறது.

இது மருந்து கம்பெனி கிளப்பிவிட்ட வழக்கமும் இல்லை. டெல்லியில் ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள்ளான 937 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1995-ல் வெளியானது. ஜிங்க் கொடுத்த குழந்தைகளுக்குப் பேதி நீடிக்கும் வாய்ப்பு 23 சதவீதம் குறைந்தது. அப்புறம் பங்களாதேஷ் உட்படப் பல இடங்களில் செய்து பார்த்த பிறகுதான், 2004-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து புதிய ஓ.ஆர்.எஸ். கரைசலோடு ஜிங்க்கையும் 10 முதல் 14 நாள் கொடுக்கச் சொன்னார்கள். மாத்திரையின் விலையும் மிகக் குறைவு, அரசு மருத்துவமனையில் இலவசம்.

ஆனால் பலனைக் கூட்டிச் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பீட்டின்படி, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பேதி சராசரியாக அரை நாள் முன்பாக நிற்கிறது. ஊட்டச்சத்துக் குறைவான குழந்தைகளுக்குச் சுமார் ஒரு நாள். ஆறு மாதத்துக்குள் என்றால் பலன் தெரியவில்லை. வாந்தி கூடுகிறது என்பதையும் அதே மதிப்பீடு சொல்கிறது. அரை நாள்தானா என்று தோன்றலாம். ஒரு வீட்டில் ஒரு குழந்தையைப் பார்த்தால் சின்னதுதான், வருஷத்துக்குப் பல தடவை பேதி வந்து எடை ஏறவே ஏறாத குழந்தையின் கணக்கில் அது சின்னது இல்லை.

தென்காசி அம்மாவுக்கு: பையன் வாந்தி எடுப்பது நீங்கள் ஏதோ சரியாகக் கொடுக்காததால் இல்லை. டெல்லியிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் 5, 10, 20 மில்லிகிராம் என மூன்று அளவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் வந்தது. 20 மில்லிகிராம் கொடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தது. 10 மில்லிகிராமில் அது 16 சதவீதத்துக்குள், 5 மில்லிகிராமில் 14 சதவீதத்துக்குள். பேதியைக் குறைப்பதிலோ சின்ன அளவுகள் பின்தங்கவில்லை. அதனால் முதலில் மேலே ஒரு அம்மா சொன்ன மாதிரி சாப்பிட்ட பிறகு கொடுத்துப் பாருங்கள், அப்படியும் தினமும் வெளியே வந்தால் அளவைக் குறைக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடுவதை விட அது எவ்வளவோ மேல். உள்ளே போகாத முழு மாத்திரையை விட உள்ளே தங்குகிற பாதி மாத்திரை நல்லது என்பது என் அபிப்பிராயம், ஆனால் அந்த முடிவு குழந்தையை நேரில் பார்க்கிறவருடையது.

செவிலியர் அம்மா சொன்னதில் ஒன்றை மட்டும் நானும் அழுத்திச் சொல்கிறேன். 1971-ல் பங்களாதேஷ் போரின்போது மேற்கு வங்க எல்லையோரப் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரை டிரம் டிரம்மாக வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இவ்வளவு தெரிந்த நாட்டில், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பேதி வந்த குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது 61 சதவீதத்துக்குத்தான், ஜிங்க் கிடைத்தது 31 சதவீதத்துக்குத்தான். பெரும்பாலான பேதி வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் எந்த வேலையும் செய்யாது. ஆனாலும் ஜிங்க் இல்லாமல் ஆன்டிபயாடிக் சிரப்போடு வருகிற சீட்டுகளைத்தான் தினமும் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கிறது. பெரியவர்களுக்கான "நிறுத்துகிற" மாத்திரையை உடைத்துக் கொடுப்பது இன்னும் மோசம், சின்னக் குழந்தைக்குக் குடலின் அசைவே நின்று ஆபத்தாகிவிடும். தயவுசெய்து அதைத் தொடவே வேண்டாம்.

—

மருந்துக்கடை_அண்ணன்:

கடையில் தினமும் வருகிற குழப்பம் என்பதால் சொல்கிறேன். சில அட்டைகளின் பின்னால் ஜிங்க் சல்ஃபேட் மோனோஹைட்ரேட் 54.9 மில்லிகிராம் என்று இருக்கும், அதைப் பார்த்து டாக்டர் சொன்னதை விட அதிகமாக இருக்கிறதே என்று பதறி ஓடி வருவார்கள். அது உப்பின் எடை. அதற்குள் இருக்கிற ஜிங்க் மட்டும் 20 மில்லிகிராம். பதற வேண்டாம்.

சிரப் வாங்கினால்தான் உண்மையிலேயே கவனம் வேண்டும். 5 மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிற பாட்டிலும் உண்டு, 5 மில்லியில் 20 இருக்கிற பாட்டிலும் உண்டு, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. போன தடவை கொடுத்த அதே "ஒரு மூடி" என்று கொடுத்தால் அளவு இரட்டிப்பாகவோ பாதியாகவோ ஆகிவிடும். லேபிளைப் படித்து, டாக்டர் சீட்டைக் காட்டி, எத்தனை மில்லி என்று கடையிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சத்து சொட்டு மருந்து இதற்கு ஈடு ஆகாது அம்மா. அதில் ஜிங்க் கொஞ்சமாகத்தான் இருக்கும், அந்த 20 மில்லிகிராம் வர வேண்டும் என்று சொட்டை அதிகமாக விட்டால் மற்ற விட்டமின்கள் கூடிப்போகும். இரும்புச் சத்து சிரப் கொடுப்பவர்கள் அதையும் ஜிங்க்கையும் ஒரே நேரத்தில் கொடுக்காமல் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள், இரண்டும் போட்டி போட்டு ஒன்றை ஒன்று உறிஞ்ச விடாது. அதே மாதிரி, நல்லதுதானே என்று 14 நாள் தாண்டி மாதக்கணக்கில் இழுக்கவும் கூடாது, ஜிங்க் அதிகமாகிக்கொண்டே போனால் உடம்பில் செம்புச் சத்து குறையும்.

அப்புறம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு ஏறி பிள்ளைக்கே ஆபத்து. பாதியாகப் பிரித்துக் கலக்கவும் வேண்டாம். கலக்கினதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஜூஸ் மாதிரி அட்டைப் பெட்டியில் வருகிற பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்காதீர்கள், அதில் சர்க்கரை அதிகம், பேதி கூடும். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் வரக் கூடாது என்று உத்தரவு போட்டது.

—

தென்காசி_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செவிலியர் அக்கா எழுதியதை அத்தைக்குப் படித்தே காட்டிவிட்டேன். முழுசாக நம்பவில்லை, ஆனால் "குடல் தேற" என்றதும் அட்டையை அவரே இறக்கிக் கொடுத்தார். இன்று இட்லி சாப்பிட வைத்து, கொஞ்ச நேரம் கழித்து கன்னத்துப் பக்கமாக விட்டேன், உள்ளே தங்கிவிட்டது. இன்னும் ஒரு கேள்வி. பக்கத்து வீட்டில் மூன்று மாதக் குழந்தைக்கும் நேற்றிலிருந்து அடிக்கடி போகிறதாம். அந்தப் பொண்ணு என்னிடம் மாத்திரை கேட்கிறாள், பாதி உடைத்துக் கொடுக்கலாமா?

—

ஓய்வுபெற்ற_கிராம_செவிலியர்:

உங்கள் அட்டையிலிருந்து கொடுக்காதீர்கள் தங்கச்சி. இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை அரை மாத்திரை, அதாவது 10 மில்லிகிராம், என்பது நம் அரசுத் திட்டத்தில் இருக்கிற அளவுதான். ஆனால் மூன்று மாதக் குழந்தைக்கு மாத்திரை இரண்டாம் பட்சம், முதலில் டாக்டர் பார்க்க வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை ஒரு நாளில் பல தடவை இளகலாக, மஞ்சளாகப் போவது இயல்பாகவே உண்டு, எடை ஏறிக்கொண்டிருந்தால் அது பேதியே இல்லை. உண்மையிலேயே தண்ணியாகப் போகிறது என்றால் அந்த வயதில் மளமளவென்று வற்றிவிடும். எதுவானாலும் பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்றைக்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், போகும் வரைக்கும் தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்கட்டும், வேறு தண்ணீர், வசம்பு, ஓமத்தண்ணீர் எதுவும் வேண்டாம்.

ஒன்று கேட்டு வையுங்கள், ரோட்டா சொட்டு மருந்து போட்டார்களா என்று. 6, 10, 14 வாரங்களில் கொடுப்பது, தமிழ்நாட்டில் 2017-லிருந்து அரசு தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற கடுமையான பேதியில் கணிசமான பங்கு ரோட்டா வைரஸால்தான். விட்டுப்போயிருந்தால் ஒரு வயதுக்குள் ஆரம்பித்துவிடலாம். தடுப்பூசி அட்டையையும் கையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள், பேதிக்குப் பார்க்கும்போதே அதையும் பார்த்து அடுத்த புதன்கிழமைக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.